பெண்ணாடத்துக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்

2023 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். வானம் தெளிவு. பனி எட்டரைக்கே விலகியிருந்தது. கிழக்கிலிருந்து லேசான காற்று. வீட்டை விட்டுக் கிளம்பும்போது சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி இருபத்தேழு டிகிரி காட்டியது. மழைக்கு வாய்ப்பே இல்லை என்பதால் காரின் துணிக்கூரையை மடித்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

அந்தக் காரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுப்பேன். இங்கிலாந்தில் 1952இல் செய்தது. இரண்டே பேர் உட்காரலாம். பச்சை நிறம். முன்பக்க விளக்குகள் இரண்டும் உடம்பை விட்டு வெளியே நிற்கும். சக்கரத்துக்கு நாற்பத்தெட்டு கம்பிகள். புறப்படுவதற்கு முன் நான்கு சக்கரங்களின் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கம்பிகளையும் விரலால் தட்டிப் பார்ப்பேன். தளர்ந்த கம்பி மந்தமாகச் சத்தம் கொடுக்கும். 1979இல் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக்காரரிடம் ஏழாயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது எனக்கு வயது முப்பது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. மின்கம்பங்களில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களில் எங்காவது மின்சாரம் கசிகிறதா என்று சோதிப்பது. முப்பத்திரண்டு வருடம் அதைச் செய்து ஓய்வு பெற்றேன். கார் வாங்கிய இந்த நாற்பத்து நான்கு வருடத்தில் அதன் ஸ்டியரிங்கை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. மகன் கேட்டும் கொடுக்கவில்லை.

கருவேப்பிலங்குறிச்சி வரை போய்த் திரும்புவது வழக்கம். அன்று திரும்பும்போது, பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. பதினேழாவது டிராக்டரை எண்ணி முடித்தபோது, எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் டீக்கடையின் முன்னால் என் கார் நிற்பதைப் பார்த்தேன்.

அப்படித்தான் முதலில் தோன்றியது. அதே விளக்கு, அதே கம்பிச் சக்கரம், பின்னால் முதுகில் கட்டியது போல அதே ஸ்டெப்னி. நிறம் மட்டும் பாலாடை நிறம். இந்த மாவட்டத்தில் இப்படி இன்னொரு காரை நான் பார்த்ததே இல்லை. என்னை அறியாமல் பிரேக்கை மிதித்தேன்.

டீக்கடையில் நான்கு பேர் இருந்தார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள்.

"டேய், பெருசு காருக்கு ரெட்டைப் புள்ள பொறந்திருக்குது பார்றா."

"ரெட்டை இல்லடா, சம்பந்தி வூடு," என்றார் டீ மாஸ்டர். "பச்சை பொண்ணு வூடு, வெள்ளை மாப்ள வூடு. பரிசம் போட வந்திருக்காங்க."

பாலாடை நிறக் காரின் பக்கத்தில் உயரமான, ஒல்லியான மனிதர் ஒருவர் நின்றார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், எழுபத்தாறு என்று பிறகு தெரிந்தது. புதுச்சேரிக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது இருக்கையில் அவருடைய மனைவி. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார். இரண்டு கைகளும் மடியில் இருந்தன. என்னைப் பார்த்தார், ஆனால் பார்த்ததாகத் தெரியவில்லை.

"அம்பத்து மூணா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க! உங்களுது?"

"அம்பத்து ரெண்டு."

இருவரும் சிரித்தோம். என் காரின் இஞ்சினை நிறுத்தக்கூடத் தோன்றாமல் இறங்கி அவர் காரின் பானெட்டைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கார்புரேட்டருக்கு ரப்பர் எங்கே கிடைக்கிறது, ரேடியேட்டரை யார் ஈயம் பற்றவைத்தார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். நாற்பத்து நான்கு வருடமாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்த கேள்விகள். அவர் கையை விரித்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். ஓட்டுவேன், அவ்வளவுதான். இது இவங்க அப்பாவோட காரு. கழட்டுறது மாட்டுறது எல்லாம் இவதான். நான் விளக்குப் புடிச்சுட்டு நிப்பேன்."

மனைவிக்குத் தண்ணீர் பாட்டில் வாங்க நிறுத்தினாராம். மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. பேட்டரியில் உயிர் இல்லை என்று கேட்டவுடனே சொல்லிவிட்டேன். முன்னால் கைப்பிடி போட்டு இஞ்சினைச் சுற்றலாம். ஆனால் எங்கள் இருவர் தோளுக்கும் சேர்த்து வயது நூற்றைம்பது.

"நாங்க தள்ளிவுடுறோம் பெருசு," என்றான் கரும்பு வெட்டுகிறவர்களில் ஒருவன். "நாலு பேரு இருக்கோம். ஒரு தம்முல போயிடும்."

வேண்டாம் என்றேன். இந்தக் காரை அப்படியெல்லாம் தள்ளக்கூடாது, என்னிடம் ஜம்பர் கேபிள் இருக்கிறது, என் பேட்டரியிலிருந்து கரண்டு கொடுத்து முறையாக எடுக்கலாம் என்றேன். தள்ளினால் எந்தக் கெடுதலும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதே மாதிரி காரை நன்றாக அறிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று அந்த மனிதர் பார்க்கவேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

சீட்டுக்குப் பின்னாலிருந்து கேபிளை எடுத்துச் சிக்கலைப் பிரிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் அவர் பேசினார். மனைவிக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இவளுக்கு மறதி சார். மூணு வருஷமா. வூட்டுல என்னைப் பார்த்தா யாரோ உள்ள வந்துட்டாங்கன்னு கத்துவா. புள்ளைங்களையும் தெரியாது."

நான் கேபிளைப் பிரித்தபடி தலையாட்டினேன்.

"இவங்க அப்பா பெண்ணாடம் ஆலையில இஞ்சினீயரா இருந்தாரு. அங்க குவார்ட்டர்ஸ்லதான் நான் பொண்ணு பார்க்கப் போனேன். இந்தக் கார்ல உக்கார வச்சு இந்த ரோட்டுல கூட்டிட்டு வந்தா, ஆலை வாசனை வருதுல்ல, பாகு வாசனை, அப்போ மட்டும் என் பேரைச் சொல்லிக் கூப்புடுவா. முழங்கையைத் தூக்கிக் கதவு மேல வச்சான்னா, அவ வந்துட்டான்னு எனக்குத் தெரிஞ்சுடும். மாசத்துக்கு ஒருதரம் வரோம்."

"எவ்வளவு நேரம் இருப்பாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. ஆனால் அவர் உடனே சொன்னார்.

"டிசம்பர்ல நாப்பது நிமிஷம். போன மாசம் இருபத்தஞ்சு. ஆலை இன்னும் ரெண்டு மாசம்தான் ஓடும் சார். அதுக்கப்புறம் வாசனை இருக்காது. அடுத்த வருஷம் ஆலை ஓடும்போது…"

அவர் மனைவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். டீக்கடையிலிருந்து பெண்ணாடம் பதினெட்டு கிலோமீட்டர்.

இப்போது ஒன்றைச் சொல்லவேண்டும். இன்றைய கார்களில் பேட்டரியின் மைனஸ் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். அந்தக் கால இங்கிலாந்துக் கார்களில் அப்படியே தலைகீழ். பிளஸ் முனை உடம்போடு இணைந்திருக்கும். என் காரும் அப்படித்தான் வந்தது. 1991இல் ஒரு கேசட் ரேடியோ வைப்பதற்காக நானே அதை மாற்றினேன். ரேடியோ ஐந்து வருடத்தில் போய்விட்டது, மாற்றம் தங்கிவிட்டது. முப்பத்திரண்டு வருடத்தில், என் கார் எப்படி இருக்கிறதோ அதுதான் அந்தக் காரின் இயல்பு என்று என் கை பழகிவிட்டது.

அவர் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. குறி எதுவும் தெரியவில்லை. துடைத்துப் பார்க்க இரண்டு நொடி போதும். துடைக்கவில்லை. உடம்போடு இணைந்த முனை எது என்று பார்த்தேன், அது மைனஸ் என்று முடிவு செய்தேன். கறுப்புக் கிளிப்பை அதன் பக்கம் கொண்டுபோனேன்.

"டிரைவர்," என்றார் அந்த அம்மா.

அதுதான் அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை. கண்ணாடி வழியாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர், செவப்பு பாடிக்கு. கறுப்பை அங்க போடாதீங்க. அப்பா வந்தா திட்டுவாரு."

கடையில் ஒருவன் சிரித்தான். "பெருசு, உன்னை டிரைவராக்கிட்டாங்க!"

என் காது சுட்டது. முப்பத்திரண்டு வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, கடைசி பதினொரு வருடம் அதற்குத் தலைவனாக இருந்தவன் நான்.

"அவ அப்படித்தான் சார், எதையாவது சொல்லிட்டே இருப்பா," என்றார் அவர், மன்னிப்புக் கேட்கிற குரலில். "நீங்க மாட்டுங்க."

"செவப்பு பாடிக்கு டிரைவர்," என்றார் அந்த அம்மா மறுபடியும். இரண்டு முறை சொன்னார். நான் மாட்டினேன்.

எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பொறி பறந்தது. முதலில் அப்படித்தான் இருக்கும் என்றேன். குமிழை இழுக்கச் சொன்னேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

தப்பாகக் கொடுத்த கரண்டிலும் அந்த இஞ்சின் ஓடும். அதுதான் கொடுமை. உடனே நின்றிருந்தால் நான் நிதானித்திருப்பேன். ஓடியது. கரும்பு வெட்டுகிறவர்கள் கைதட்டினார்கள். டீ மாஸ்டர் விசிலடித்தார். இரண்டு கார்களும் ஒரே சத்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தன. இருக்கையில் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, இடது முழங்கையைத் தூக்கிக் கதவின் மேல் வைத்தார். அவர் கணவரும் பார்த்துவிட்டார். "பாருங்க சார், பாருங்க," என்றார். வாசனைகூட இன்னும் வரவில்லை.

நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு நொடி.

பிறகு டாஷ்போர்டின் அடியிலிருந்து புகை வந்தது. டைனமோ தன் வழக்கப்படி ஒரு பக்கம் கரண்டு அனுப்ப, நான் தலைகீழாகக் கொடுத்த பேட்டரி இன்னொரு பக்கம் தள்ள, நடுவில் இருந்த ஒயர்கள் எரிந்தன. காரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை துணி சுற்றிப் போகிற ஒயர்க் கட்டு அது. எழுபது வருடப் பழைய துணி. டீ மாஸ்டர் ஒரு வாளி மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார். கிளிப்பை நான் பிடுங்கினேன், விரல் இரண்டு வெந்தது. அந்த அம்மாவைக் கணவர் தூக்கி இறக்கினார். அவர் கையைத் தட்டிவிட்டு அந்த அம்மா கத்தினார். "யாரு நீ? யாரு நீ?" அதை எத்தனை முறை கத்தினார் என்று எண்ணவில்லை. அன்று நான் எண்ணாத ஒன்று அதுதான்.

எல்லாம் அடங்கியபின் கைக்குட்டையால் அந்த பேட்டரி முனையைத் துடைத்தேன். உடம்போடு இணைந்த முனையில் பிளஸ் குறி இருந்தது. அதன் மேல் சிவப்புப் பொட்டு ஒன்று, நெயில் பாலிஷ். யாராவது தப்பாக மாட்டிவிடக்கூடாது என்று, நினைவு இருந்த காலத்தில், அந்த அம்மாவே வைத்திருக்கவேண்டும்.

கணவரிடம் காட்டினேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் சொன்னேன். அவர் அந்தப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா," என்றார்.

அவர் கோபப்படவில்லை. டாக்ஸி கிடைக்குமா என்று கேட்டார். நான் ஃபோன் செய்தேன். வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். நாங்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாவுக்கு டீ மாஸ்டர் பால் கொடுத்தார், குடிக்கவில்லை. கரும்பு டிராக்டர்கள் போய்க்கொண்டிருந்தன, இன்னும் இருபத்திரண்டு. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு டாக்ஸி வந்து இருவரையும் புதுச்சேரிக்கே திருப்பி அழைத்துப் போனது. எரிந்த காரை ஒரு குட்டி யானை லாரியில் ஏற்றி என் வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். வெந்த என் விரல்களில் மஞ்சள் பூசிக்கொண்டே கேட்டாள். பொதுவாக அந்தக் காரைப் பற்றி நான் பேசினால் எழுந்து போய்விடுவாள். அன்று போகவில்லை.

"டாக்ஸி வர்ற வரைக்கும் உங்க காரு எங்க நின்னுச்சு?"

"அங்கேயேதான். ரோட்டோரமா."

"ஓடிட்டு இருந்துச்சா?"

ஆமாம் என்றேன். இஞ்சினை நான் நிறுத்தவே இல்லை.

"அதுலயும் ரெண்டு சீட்டுதானே? அவங்களும் ரெண்டு பேருதானே?"

நான் விரல்களை இழுத்துக்கொண்டேன்.

"பதினெட்டு கிலோமீட்டர்தானே? குடுத்திருக்கலாமே?"

நான் அதை நினைக்காமல் இல்லை. இதைத்தான் எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்திலேயே நினைத்தேன். அவருக்கு ஓட்டத் தெரியும், அதே கார், அதே கியர், அதே சத்தம். வாய் வரை வந்தது. கிளட்ச் கொஞ்சம் முன்னால் பிடிக்குமே, புதியவர் தேய்த்துவிடுவாரே என்று யோசித்தேன். இன்சூரன்ஸ் என் பெயரில் இருக்கிறதே என்று யோசித்தேன். பச்சை நிறத்தைப் பார்த்து அந்த அம்மா ஏற்க மாட்டார் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த மனிதர் ஒருமுறை என் காரைத் திரும்பிப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்கிறவர் இல்லை அவர். நான் ஃபோனை எடுத்து டாக்ஸி எங்கே வருகிறது என்று மறுபடி விசாரித்தேன்.

ஒயரைத் தப்பாக மாட்டியது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது.

"அந்தக் காரைக் கேட்டு நானே முப்பது வருஷமா வரிசையில நிக்குறேன்," என்றாள் மனைவி எழுந்துகொண்டே. "அவங்களுக்கு எங்க குடுக்கப் போறீங்க."

புதிய ஒயர்க் கட்டு இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். விசாரித்ததில் மூன்று மாதம் என்றார்கள். அதற்குள் ஆலை நின்றுவிடும். அதே கட்டு எங்கள் ஊரிலேயே ஒன்று இருந்தது, என் ஷெட்டில், என் காருக்குள். மறுநாள் காலை கம்மாபுரத்திலிருந்து வரும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்தேன். நாற்பது வயதுக்காரர், நிதானமானவர்.

"நல்லா ஓடுற வண்டியைப் பிரிக்கச் சொல்றீங்களே சார்?" என்றார். "வூட்டுல சொல்லிட்டீங்களா?"

பிரிக்கச் சொன்னேன். ஒயர்கள் மொத்தம் முப்பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் எண் எழுதி ஒட்டி, என் காரிலிருந்து உருவி, அவர்கள் காரில் பொருத்தினோம். டைனமோவுக்குச் சுருள் மாற்றினோம். சென்னையிலிருந்து பழைய ரெகுலேட்டர் பெட்டி ஒன்று வந்தது. இருபத்து மூன்று வேலைநாள். புதிய பேட்டரியை நானே வைத்தேன். பிளஸ் முனையை உடம்போடு இணைத்து, மனைவியிடம் நெயில் பாலிஷ் வாங்கி, பொட்டு வைத்தேன்.

மார்ச் 12, அதுவும் ஞாயிறு. அவர்கள் புதுச்சேரியிலிருந்து வாடகைக் காரில் வந்தார்கள். இருபத்தெட்டு நாளில் அந்த அம்மா இளைத்திருந்தார். ஜெபமாலை கையில் இல்லை. விழுங்கப் பார்க்கிறார் என்று எடுத்துவிட்டார்களாம். கணவர் அவரைப் பிடித்துக் கூட்டிவந்து பாலாடை நிறக் காரில் உட்காரவைத்தார். இஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. நான் கதவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்த அம்மாவின் கைகள் இரண்டும் மடியிலேயே இருந்தன.

"அங்க போனா வச்சுடுவா," என்றார் அவர். "போயிட்டு வரோம் சார்."

நான் ஷெட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே என் கார், ஒயர் இல்லாமல், பானெட் திறந்து கிடந்தது. ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து அவர்கள் வந்தார்கள். சத்தம் தூரத்திலேயே கேட்டது. எந்தக் குறையும் இல்லாத சத்தம். அவர் காரை நிறுத்தினார். உடனே இறங்கவில்லை.

"ஆலை கேட்டுக்கிட்டயே அரை மணி நேரம் நிறுத்திட்டேன் சார். வாசனை நல்லா வந்துச்சு. வண்டி நல்லா ஓடுது."

"கூப்பிட்டாங்களா?"

அவர் மனைவியின் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"கூப்புட்டா," என்றார். "'டிரைவர், வூட்டுக்குப் போங்க'ன்னா."

பிறகு அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். இது உங்களால் வந்ததில்லை, டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், போன மாதம் வந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். இருந்திருக்கலாம். டிசம்பரில் நாற்பது, ஜனவரியில் இருபத்தைந்து. அந்தக் கணக்கில் பார்த்தால் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி அவருக்குப் பத்து நிமிடம் மிச்சம் இருந்திருக்கவேண்டும். நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். பத்துதான் வருகிறது.

செலவில் பாதியைத் தருகிறேன் என்று அவர் காசோலைப் புத்தகத்தை எடுத்தார். வாங்கவில்லை. என் காருக்கு இன்னும் ஒயர்க் கட்டு வாங்கவில்லை. வாங்கும் எண்ணமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பிகளை மட்டும் தட்டிப் பார்க்கிறேன்.

குட்டி யானை லாரிக்கு ஆயிரத்து எண்ணூறு. எலக்ட்ரீஷியனுக்கு நாளுக்குத் தொள்ளாயிரம் வீதம் இருபதாயிரத்து எழுநூறு. ரெகுலேட்டர் பெட்டி ஆறாயிரத்து ஐந்நூறு. டைனமோ நான்காயிரத்து இருநூறு. பேட்டரி ஐயாயிரத்து அறுநூறு. டேப், கிளிப், சில்லறைச் சாமான்கள் ஆயிரத்து முந்நூற்று நாற்பது. அன்றைக்கு அவர்களைத் திருப்பி அனுப்பிய டாக்ஸி இரண்டாயிரத்து அறுநூறு. என் காரை எடுத்துக்கொண்டு அவர்கள் பெண்ணாடம் போய் வந்திருந்தால் பெட்ரோல் முந்நூற்று எழுபது ரூபாய்க்குள் முடிந்திருக்கும். எனக்கு ஆனது மொத்தம் நாற்பத்திரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.